'கனெக்டிங்' என்று காட்டினால் கோளாறு யார் பக்கம்?

போன வாரம் மூன்று பழைய அறிக்கைகளை அடுத்தடுத்து உட்கார்ந்து வாசித்தேன். இணையம் வழியாகப் பேசுகிற சேவை ஒன்று படுத்துவிட்டு எழுந்த பிறகு, கம்பெனிக்காரர்கள் "இதனாலதான் இப்படி ஆச்சு, மன்னிச்சுக்கங்க" என்று எழுதும் விளக்கங்கள். 2007 ஆகஸ்டில் ஸ்கைப் எழுதியது ஒன்று. 2010 டிசம்பரில் அதே ஸ்கைப் எழுதியது இன்னொன்று. 2021 அக்டோபரில் வாட்ஸ்அப்பையும் சேர்த்து எல்லாம் விழுந்தபோது ஃபேஸ்புக் எழுதியது மூன்றாவது. பொறியியல் எழுத்து என்று பார்த்தால் மூன்றுமே நல்ல எழுத்து. ஒளித்து மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஆளுக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்கு ஊர் ஒரு காரணம். பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் ஞாபகம் வரும். போடி மேற்கு மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருக்கும்படி அந்த ஆய்வகத்தைத் திட்டமிட்டார்கள். விண்வெளியிலிருந்து வருகிற மற்ற துகள்களை எல்லாம் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும் என்பது கணக்கு. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனிக் கதை, அதற்குள் இப்போது போகவில்லை. நான் சொல்ல வந்தது, தடுப்பதற்காகவே தேர்ந்தெடுத்த மலை இது. அது செல்போன் அலையையும் தடுக்கத்தான் செய்யும். இந்த அடிவாரத்திலும், போடிமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்களிலும், எந்தப் பாறை மேல் ஏறினால் டவர் கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் அறுந்துபோகும் என்பது தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடம்.

இப்படிப்பட்ட இடத்தில் வாட்ஸ்அப் விழுந்தால், அது விழுந்திருக்கிறது என்பதே தெரியாது. இதுதான் விஷயம். திரையில் 'கனெக்டிங்' என்று சுற்றிக்கொண்டே இருந்தால் இங்கே உடனே சந்தேகப்பட நாலு பேர் இருக்கிறார்கள். டவர் போயிருக்கலாம். ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம். இந்தப் பழைய போன் மக்கர் பண்ணலாம். மழைக்கு கரண்ட் போய் டவரின் பேட்டரி இறங்கியிருக்கலாம். ஐந்தாவதாக, அமெரிக்காவில் யாரோ ஒருத்தர் தப்பாக ஒரு கட்டளையைக் கொடுத்திருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? "ஏத்தா, நெட்டு காசு போட்டியா இல்லையா?" என்றுதான் முதல் கேள்வி வரும். பிறகு போனை அணைத்துப் போடுவது, சிம்மைக் கழற்றி மாட்டுவது, மொட்டை மாடிக்கு ஏறுவது.

இனி அறிக்கைகளுக்கு வருகிறேன்.

2007 ஆகஸ்ட் 16 அன்று ஸ்கைப் விழுந்தது, நிமிர இரண்டு நாள் ஆனது. காரணமாக அவர்கள் சொன்னது: விண்டோஸ் வழக்கமாக அனுப்பும் திருத்தங்கள் வந்திறங்கி, உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அணைந்து எழுந்தன. எழுந்த எல்லாம் ஒன்றாக உள்ளே நுழையப் பார்த்தன. நெரிசலைத் தானாகச் சரிசெய்ய வேண்டிய நிரலில் அதுவரை கண்ணில் படாத பிழை ஒன்று இருந்தது. மைக்ரோசாஃப்ட் மேல் பழி போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், அவர்கள் மேல் தப்பில்லை, பிழை எங்களுடையதுதான் என்று மறுபடி எழுதினார்கள்.

2010 டிசம்பர் 22இல் நடந்தது இதைவிடச் சுவாரசியம். அந்தக் கால ஸ்கைப்புக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரு மையம் கிடையாது. பயன்படுத்துகிறவர்களின் கம்ப்யூட்டர்களிலேயே நல்ல இணைப்பு உள்ள சிலவற்றை 'சூப்பர்நோட்' ஆக்கி, யார் எங்கே இருக்கிறார் என்ற விவரத்தை அவற்றிடம் வைத்திருந்தார்கள். அதாவது யாரோ ஒருவர் வீட்டு மேசைக் கம்ப்யூட்டர், அவருக்கே தெரியாமல், அடுத்தவர்கள் பேச வழிகாட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு சில சர்வர்கள் திணறித் தாமதமாகப் பதில் அனுப்பின. விண்டோஸுக்கான 5.0.0.152 என்ற பதிப்புக்கு அந்தத் தாமதத்தைத் தாங்கத் தெரியவில்லை, மூடிக்கொண்டது. பயனர்களில் பாதிப்பேர் அந்தப் பதிப்பைத்தான் வைத்திருந்தார்கள், அதில் சுமார் 40 சதவீதம் விழுந்தது. விழுந்தவற்றோடு சூப்பர்நோட்களில் 25 முதல் 30 சதவீதம் போயிற்று. மிச்சம் இருந்தவற்றின் மேல் வழக்கத்தைப்போல 100 மடங்கு சுமை ஏறியது. சரிசெய்ய ஒரு நாள் ஆனது, அதுவும் கம்பெனியே ராட்சச சூப்பர்நோட்களைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு.

நம்ம ஊர் ஜீப் கதை மாதிரி இருக்கிறது. காலையில் தோட்டத்துக்குப் போகும் பத்து ஜீப்பில் மூன்று வரவில்லை என்றால், மிச்ச ஏழில் ஆள் ஏறி ஏறி நாலாவது வளைவில் இன்னொன்று நின்றுவிடும். பிறகு ஆறு. பெரிய விபத்து எதுவும் தேவையில்லை, மூன்று வராததே போதும். (அதற்கப்புறம் 2012இல் மைக்ரோசாஃப்ட் சூப்பர்நோட் பொறுப்பைப் பயனர் கம்ப்யூட்டர்களிடமிருந்து எடுத்துத் தன் சர்வர்களுக்கே மாற்றிக்கொண்டது. 2025 மே 5இல் ஸ்கைப்பையே மூடிவிட்டது.)

இந்த 2010 அறிக்கையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் நஷ்டஈடு. சந்தா கட்டியவர்களுக்கு ஒரு வாரம் இலவசம், முன்பணம் போட்டவர்களுக்கு சுமார் அரை மணி நேரம் லேண்ட்லைனுக்குப் பேசுகிற அளவு கடன். தொகை சின்னதுதான். ஆனால் 'உனக்கு ஒரு நாள் போச்சு, அது எங்களால' என்று ஒத்துக்கொண்ட கணக்கு அது.

2021 அக்டோபர் 4. நமக்கு ராத்திரி ஒன்பது மணியைத் தாண்டியதும் விழுந்தது, சுமார் ஆறு மணி நேரம். தங்கள் மையங்களை இணைக்கும் முதன்மைத் தடத்தில் எவ்வளவு திறன் இருக்கிறது என்று பார்க்கக் கொடுத்த கட்டளை ஒன்று, தடம் முழுவதையும் அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியிலும் பிழை. மையங்களைத் தொட முடியாமல் போனதும், பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் சர்வர்கள் 'எங்களிடம் வராதீர்கள்' என்று இணையத்துக்கு அறிவித்து ஒதுங்கிக்கொண்டன. உள்ளே பயன்படுத்தும் கருவிகளும் அதே தடத்தை நம்பி இருந்ததால் சரிசெய்யவும் வழியில்லை, பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. ஒரு மையம் விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்திருந்தோம், மொத்தத் தடமும் விழுவதை ஒத்திகை பார்த்ததில்லை என்று நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள்.

சரி, எல்லாம் சரி. மூன்று அறிக்கையும் 'ஏன் விழுந்தது' என்ற கேள்விக்கு முழு மனசோடு பதில் சொல்கின்றன. 'விழுந்திருந்தபோது உன்னிடம் என்ன சொன்னோம்' என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒத்திகை பார்த்ததில் பயனருக்கான ஒத்திகை இல்லை. 2021இல் அவர்கள் தகவல் சொன்ன இடம் ட்விட்டர். யோசித்துப் பாருங்கள், தன் சேவை படுத்திருக்கிறது என்பதை இன்னொரு கம்பெனியின் சுவரில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுகிறார்கள். ட்விட்டரில் இருப்பவருக்கு அது எப்படியும் தெரிந்திருக்கும். இங்கே திண்ணையில் இருக்கும் அப்பத்தாவுக்கு?

செயலியே சொல்லலாமே என்றால், செயலி சொல்கிற வாசகம் இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் அழைப்பு போகாதபோது, 'உங்கள் போனில் இணைய இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்' என்ற பொருளில் ஒன்று வரும். அதாவது, பிழை உன் பக்கம். இதைத் தொழில்நுட்பக் கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டு போன் தனக்கு இணையம் வருகிறதா என்று தானே ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறது. வரவில்லையென்றால் சிக்னல் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போடுகிறது. 'இணையம் இருக்கிறது, எங்கள் சர்வர்தான் பதில் சொல்லவில்லை' என்று பிரித்துச் சொல்லத் தேவையான தகவல் போனுக்குள்ளேயே இருக்கிறது. சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்தால் மொட்டை மாடி ஏற வேண்டாம், வேலைக்குப் போன மகன் ஏன் எடுக்கவில்லை என்று பதறவும் வேண்டாம்.

2022 அக்டோபர் 25இல் நிலைமை இன்னும் இறங்கியது. தீபாவளிக்கு மறுநாள், சாயங்காலம் சூரிய கிரகணம். மத்தியானம் வாட்ஸ்அப் விழுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கிடந்தது. கிரகணத்தோடு முடிச்சுப் போட்டு ஜோக் பறந்தது, வாட்ஸ்அப் எழுந்த பிறகு வாட்ஸ்அப்பிலேயே. கம்பெனி பொதுமக்களுக்குக் கொடுத்த விளக்கம், எங்கள் பக்கத் தொழில்நுட்பப் பிழை, சரிசெய்துவிட்டோம் என்ற ஒற்றை வாக்கியம். மத்திய அரசு அறிக்கை கேட்டது, கொடுத்தார்கள் என்று செய்தி வந்தது. 2019இலேயே இந்தியாவில் 40 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்களே சொன்ன சேவை. 2007இல் ஸ்கைப் தானாக எழுதிய பத்திகளின் நீளத்தையும், 2022இன் இந்த ஒரு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

இலவச சேவைதானே, கேள்வி கேட்க என்ன உரிமை என்று சொல்பவர்கள் உண்டு. இலவசம் என்பதால்தான் மற்ற வழிகள் எல்லாம் கைவிட்டுப் போயின. 2015க்கு முன்னால், வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வருவதற்கு முன், அதில் இருந்த போன் படத்தை அமுக்கினால் சாதாரண செல்போன் அழைப்புதான் போகும். பிறகு அதே இடத்தில் இருந்த அதே படம் இணைய அழைப்பாக மாறிவிட்டது. கணக்கே செல்போன் எண்ணை வைத்துத்தான். இணைய அழைப்பு தோற்றால் 'சாதாரண அழைப்பில் கூப்பிடவா?' என்று கேட்பது ஒரு பொத்தான் வேலை. எண்ணை வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் பொத்தானைத் திருப்பித் தரவில்லை.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. இணைய அழைப்பையும் சாதாரண டெலிபோனையும் இங்கே ரொம்ப காலம் சட்டப்படியே வேலி போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். 2014 நவம்பர் 10 முதல் இந்தியாவுக்குள் ஸ்கைப்பிலிருந்து செல்போனுக்கும் லேண்ட்லைனுக்கும் பேசும் வசதியே நின்றுபோனது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அந்த வேலி விலகியது 2018இல்தான்.

டிராய் 2024இல் கொண்டுவந்த தரவிதிகளைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். ஒரு மாவட்டத்தில் செல்போன் சேவை 4 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நிறுவனம் டிராயிடம் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் மாதக் கட்டணக்காரர்களுக்குக் கழிவு, முன்பணக்காரர்களுக்குக் கெடு நீட்டிப்பு. வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு இப்படி எந்தக் கடமையும் இல்லை. ஆனால் இந்த விதியையும் அப்படியே கொண்டாட முடியவில்லை. அலகு மாவட்டம். தேனி டவுனில் எல்லாம் ஒழுங்காக இருந்து, மலையடிவாரத்து டவர் ஒன்று மட்டும் நாலு நாள் செத்துக் கிடந்தால் மாவட்டக் கணக்கில் அது வராது. மாவட்ட எல்லையைத் தாண்டி இடுக்கித் தோட்டத்தில் நிற்பவரின் கதையைக் கேட்கவே வேண்டாம்.

சமாளிப்பது எப்படி என்றால், அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் துபாய்க்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் என்று தோன்றுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது, பல வருடமாக இதுதான் நிலை. அங்கே அனுமதி உள்ள போட்டிம் மாதிரி ஒன்றில்தான் பேச்சு. அதனால் அந்த வீடுகளில் இரண்டு மூன்று செயலி எப்போதும் இருக்கும், எது எப்போது வேலை செய்யும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விழுந்த பிறகு புதிதாக ஒன்றை இறக்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. 2021இல் அன்று ஒரே நாளில் 7 கோடிப் பேர் டெலிகிராமுக்குப் புதிதாக வந்ததாக அதன் தலைவர் சொன்னார், கூடவே சில இடங்களில் வேகம் குறைந்ததாகவும் சொன்னார். மறுபடி அதே ஜீப் கதை.

தோட்டத்துக்குப் போகிறவர்களிடம் இதைவிடப் பழைய வழி இன்னும் இருக்கிறது. சாதாரண அழைப்புக்கு இணையம் கிடைக்கிற அளவு டவர் வேண்டியதில்லை, ஒற்றைக் கோடு போதும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். சாயங்காலம் ஜீப் மெட்டைத் தாண்டியதும் இன்னொன்று, உலை வைக்கச் சொல்லி. யாரும் எடுப்பதில்லை, காசும் இல்லை, அதில் 'கனெக்டிங்' என்று எதுவும் சுற்றுவதும் இல்லை.