‘ஏ’ என்கிற ஒற்றை எழுத்து

பழைய ஸ்பீக்கர் பிரியர்களிடம் பேசிப் பார்த்தால் இரண்டு கட்சிகள் தெரியும். ஒரு கட்சிக்கு ஒரிஜினல் டிரைவர்தான் எல்லாம். அது போய்விட்டால் மிச்சம் வெறும் மரப்பெட்டி. இன்னொரு கட்சி, “அம்பது வருஷத்துச் சாமானை வச்சுக்கிட்டு ஏன் அல்லாடுறீங்க, இப்ப வர்ற நல்ல டிரைவரா பார்த்து மாட்டிடுங்க” என்கிறது. டிரைவர் என்றால் இங்கே ஓட்டுநர் இல்லை. கூம்பும் கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்து ஒலியை எழுப்புகிற உறுப்பு. இரண்டு கட்சிகளும் அந்த உறுப்பை மட்டுமே பார்க்கின்றன, அதனாலேயே இரண்டும் தவறுகின்றன என்பது என் வாதம். அதற்கு பிபிசியின் எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரை விடத் தோதான சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் பெரிய மானிட்டர் வைக்க இடம் கிடையாது. அதற்காக 1970களில் பிபிசியின் பொறியாளர்கள் செய்த குட்டி ஸ்பீக்கர் இது. ஓர் அடி உயரம்தான். மேலே கெஃப் நிறுவனத்தின் டி27 ட்வீட்டர், கீழே அதே நிறுவனத்தின் ஐந்து அங்குல பி110. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் போன்ற நிறுவனங்கள் பிபிசியிடம் உரிமம் பெற்றுத் தயாரித்தன. அடிவயிற்றை அதிர வைக்கும் பேஸ் இதில் வராது. ஆனால் மனிதக் குரல் வரும். வேனுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அறிவிப்பாளரின் குரல் சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இதன் முதல் வேலை அதுதான்.

இப்போது அந்த ‘ஏ’வுக்கு வருவோம். முதலில் உருவானது எல்.எஸ்.3/5. விரல்விட்டு எண்ணுகிற மாதிரி கொஞ்சம் செய்து பார்த்தார்கள், பிடித்திருந்தது. பெரிய அளவில் தயாரிக்கலாம் என்று போனபோது, கெஃப் அதற்குள் டிரைவர்களில் மாற்றம் செய்திருந்தது. பழைய கிராஸ்ஓவர் புதிய டிரைவர்களுக்குப் பொருந்தவில்லை. மறுபடி உட்கார்ந்து அளந்து, வடிவமைப்பைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின் பெயர்தான் ‘ஏ’. ஆக, ‘ஒரிஜினல்’ என்று இன்று கும்பிடப்படுகிற பெட்டியே டிரைவர் மாறியதால் பிறந்ததுதான். முதல் கட்சிக்காரர்கள் இதை ஏனோ பேசுவதில்லை.

சரி, அப்போ எந்த டிரைவரையும் மாட்டலாமா? முடியாது. கிராஸ்ஓவர் என்பது ஒலியை மேல், கீழ் என்று பங்கு பிரிக்கிற வேலையோடு நிற்பதில்லை. பி110க்கு நடு ஸ்தாயியில், ஆயிரம் ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, ஒரு மேடு உண்டு. அந்த மேட்டைச் சமன் செய்யத் தனியாக ஒரு சுற்று கிராஸ்ஓவருக்குள் இருக்கிறது. துளைக்குள் கச்சிதமாக உட்காரும், மேடே இல்லாத நல்ல நவீன டிரைவர் ஒன்றை மாட்டினால் என்ன ஆகும்? அந்தச் சுற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மேடு இல்லாத இடத்தில் பள்ளம் தோண்டும். அதுவும் குரல் வாழ்கிற இடத்தில். சுற்று நம்பிக் கணக்கிட்ட மின்மறுப்பு இல்லாத வேறொரு டிரைவரைப் போட்டால் பங்கு பிரிகிற எல்லையே நகர்ந்துவிடும். ட்வீட்டர் இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் கீறும். “இது அதைவிட நல்ல டிரைவர்” என்ற வாக்கியம் பாதியில் நிற்கிறது. எந்தப் பெட்டியில், எந்தச் சுற்றோடு என்று கேட்டால்தான் அது முழுசாகும்.

இந்தச் சிக்கலுக்கு வரலாறு மூன்று பதில்களைத் தந்திருக்கிறது. காலப்போக்கில் பி110இன் குணம் நகர்ந்துகொண்டே போனதால், 1987 வாக்கில் கெஃப் அதைத் திருத்தி, புதிய கிராஸ்ஓவரும் செய்தது. 15 ஓம் ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. 1990களின் இறுதியில் அந்த டிரைவர்களே நின்றுபோயின. 2000களில் ஸ்டர்லிங் பிராட்காஸ்ட், வேறு நிறுவனங்களின் டிரைவர்களை எடுத்து, அவற்றுக்கென்றே சுற்று அமைத்து, பழைய ஒலியை எட்டப் பார்த்தது. அடுத்து ஃபால்கன் அக்கௌஸ்டிக்ஸ். அதை நிறுவிய மால்கம் ஜோன்ஸ்தான் முன்பு கெஃப்பில் பி110ஐயும் டி27ஐயும் வடிவமைத்தவர். ஃபால்கன் அந்த இரண்டையும் மறுபடி உருவாக்கி 15 ஓமுக்கே திரும்பியது.

ஸ்டர்லிங்கின் வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டிரைவர் மாறினால் சுற்றும் மாற வேண்டும் என்பது பிபிசியே ‘ஏ’ போட்டபோது காட்டிய வழி. அறிவுக்கு நேர்மையான பதில் அது. ஆனால் என் ஓட்டு ஃபால்கனுக்குத்தான். காரணம் ஏக்கம் அல்ல. ஸ்டர்லிங்கின் பதில் புதுப் பெட்டி வாங்குகிறவருக்கு உதவும். டி27 எரிந்துபோன பழைய 15 ஓம் பெட்டியை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அவருக்குத் தேவை, இருக்கிற சுற்றோடு பேசத் தெரிந்த ஒரு ட்வீட்டர். பழையதன் இடத்தைப் பிடிக்கிற மறுஆக்கத்தைவிட, பழையதைப் பிழைக்க வைக்கிற மறுஆக்கம் ஒரு படி மேல். பழைய புத்தகங்களின் மறுபதிப்புகளுக்கும் இதையே சொல்வேன்.

சேகரிப்பாளர்கள் மத்தியில் 11 ஓமைவிட 15 ஓம் ஜோடிக்கு மவுசு. அதிலும் தொடாத, பிரிக்காத ஜோடி என்றால் கேட்கவே வேண்டாம். திருகாணியைக் கழற்றினால் விலை விழும் என்று பயந்து, ஒரு பக்கம் மங்கலாகப் பாடுகிற ஜோடியை அப்படியே அலமாரியில் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. வேனுக்குள் தினமும் வேலை பார்க்கச் செய்த சாமான் அது. சுற்றுக்குப் பொருந்துகிற டிரைவராகத் தேடிப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். அப்புறம் நன்றாகத் தெரிந்த ஒருவர் பேசிய பதிவைப் போட்டுக் கேளுங்கள். அவர் குரல் அவர் குரலாகவே வந்தால், உள்ளே இருப்பது எந்த வருஷத்து டிரைவர் என்பது விலைப்பட்டியலின் கவலை.