மணலும் புல்லும்

ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதுபோல ஒரு கோல்ப் மைதானத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் மனிதன் யோசித்துச் செய்த காரியம்தான். அதற்கும் ஆசிரியன் என்று ஒருவன் இருக்கிறான். 18 குழிகள் என்பவை 18 அத்தியாயங்கள்; ஆட்டக்காரன்தான் வாசகன். எந்த இடத்தில் அவனைத் தயங்க வைப்பது, எந்த இடத்தில் ஆசைகாட்டி மணல் பள்ளத்தில் தள்ளுவது, எந்த இடத்தில் போனால் போகிறது என்று விட்டுவிடுவது என்பதையெல்லாம் மைதானம் போடுகிறவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறான். நான் கோல்ப் ஆடுகிறவன் அல்ல. ஆனால் சமைக்கத் தெரியாதவன் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை.

பாலைவனத்துக் கடற்கரைகளில் சென்ற முப்பது நாற்பது வருஷங்களாக ஏராளமான கோல்ப் மைதானங்கள் தோன்றியிருக்கின்றன. துபாய், அபுதாபி, எகிப்தின் செங்கடல் கரை, மெக்ஸிகோவின் லாஸ் காபோஸ் என்று பணக்காரர்கள் ஓய்வெடுக்கப் போகிற இடங்களில் எல்லாம் ஹோட்டலோடு சேர்ந்து மைதானமும் வந்துவிடுகிறது. விளம்பரப் படமும் எங்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் நீலக்கடல், மறுபக்கம் பழுப்பு மணல், நடுவே கண்ணைப் பறிக்கிற பச்சை. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புகிற படங்களிலும் இந்தப் பச்சை வந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள், "பாலைவனத்தையே சோலையாக்கிட்டானே!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அந்த ஆச்சரியம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

பச்சை எங்களுக்குப் புதிதல்ல என்பது ஒரு காரணம். சுசீந்திரத்தையும் தேரூரையும் சுற்றி நடந்து பழகியவனுக்குப் பச்சையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. ஆனால் எங்கள் வயலின் பச்சைக்கு ஒரு கதை உண்டு. மேற்கே மலையில் மழை பெய்கிறது. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் அது தேங்குகிறது. பிறகு கால்வாயில் இறங்கி, குளத்திலிருந்து குளத்துக்கு நிறைந்து, தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நின்று, முழங்கால் சேற்றில் பெண்கள் குனிந்து நட்டு, அதற்கப்புறம்தான் பச்சை. அந்தப் பச்சையும் நிலைப்பதில்லை. மஞ்சளாகிறது, அறுப்பு முடிந்தால் வெறும் தாள். பாலைவனத்து மைதானத்தின் பச்சைக்குப் பருவம் கிடையாது. வெயில் காலத்துப் புல் குளிரில் நிறம் மங்குகிறது என்று அதன்மேல் வேறொரு புல்லை விதைத்து நிறத்தைக் காப்பாற்றுகிறார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் சிரித்துக்கொண்டே இருக்கிற கதாநாயகியை நாம் எத்தனை தொடர்கதைகளில் பார்த்திருக்கிறோம்! அவளை நம்புகிறோமா?

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. ஸ்காட்லாந்தில் 1457-லேயே, ஜனங்கள் வில்வித்தை பழகாமல் இதில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று ராஜா தடை போட்டிருக்கிறார். அவர்கள் ஆடிய இடம் பூங்காவோ புல்வெளியோ அல்ல. கடலுக்கும் உழுகிற நிலத்துக்கும் நடுவே கிடந்த மணல்மேடுகள். ஏர் ஓட்ட முடியாது. ஆடு மேய்க்கலாம், முயல் பிடிக்கலாம். அந்த நிலத்துக்குத்தான் 'லிங்க்ஸ்' என்று பெயர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் இருக்கிற பழைய மைதானம் இன்றைக்கும் அந்த வகையறாவுக்கு மூலகிரந்தம். 1552-ல் அந்த ஊர் ஆர்ச்பிஷப் எழுதிக் கொடுத்த சாஸனத்தில், அந்த மணலில் முயல் வளர்க்கும் உரிமை தமக்கு, விளையாடும் உரிமை ஊர் ஜனங்களுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார். 18 குழி என்ற கணக்கும் 1764-ல் அங்கே ஏற்பட்டதுதான். அதற்கு முன் 22. மைதானத்தில் உள்ள மணல் பள்ளங்கள், கடற்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் உராய்ந்து உராய்ந்து உண்டாக்கியவை என்று சொல்வார்கள். பிற்காலத்தில் சிலர் கை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்றாலும் ஆதியில் அதற்கு ஆசிரியன் கிடையாது. காற்றும் ஆடும் முயலும் சேர்ந்து பாடிய நாடோடிப் பாட்டு அது.

இதைப் படித்தபோது எனக்கு முட்டத்திலிருந்து கடியபட்டணம், மணவாளக்குறிச்சி வரையில் உள்ள எங்கள் கடற்கரைதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் கடலுக்கும் பயிருக்கும் நடுவே உழ முடியாத மணல். சில இடங்களில் செக்கச் சிவந்த தேரி. தாழை, பனை, அடப்பங்கொடி, மணலைப் பிடித்து நிறுத்துகிற இராவணன் மீசை. வேலைக்காகாத நிலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். (ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, வேலைக்காகாத அந்த மணல் சீமைக்குக் கப்பல் ஏறிற்று. கல்யாணம் நின்றுபோன அம்மனின் அரிசியும் பருப்பும்தான் குமரிமுனையில் மணலாகக் கிடக்கின்றன என்று எங்கள் கிழவிகள் அதற்கு முன்பே சொல்லி வந்தார்கள். மணல் சாமானியமானதல்ல என்பதில் இரு கட்சிக்கும் அபிப்பிராய பேதமில்லை.) ஆக, இந்த ஆட்டம் பிறந்ததே கடலோர மணலில். அப்படியானால் பாலைவனத்துக் கடற்கரை அதற்கு அன்னிய நிலம் அல்ல, தாய்வீடு மாதிரிதான். மணல் இருக்கிறது, காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது. மழை ஒன்றுதான் இல்லை.

எண்ணெய்க் கம்பெனிகளில் வேலை பார்க்கக் குவைத்துக்கும் பஹ்ரைனுக்கும் போன வெள்ளைக்காரர்கள் முதலில் இந்த உண்மையை மதித்தே ஆடினார்கள். புல்லுக்கு எங்கே போவது? மணலிலேயே மைதானம் போட்டார்கள். குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிவிட்ட புல்வட்டத்துக்குக் 'கிரீன்' என்று பெயர். இவர்கள் மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி, 'பிரவுன்' என்று ஒரு பழுப்பு வட்டம் செய்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் கையில் ஒரு துண்டுச் செயற்கைப் புல்விரிப்பை எடுத்துக்கொண்டு போவார்கள். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டியது. குழியில் போட்டு முடித்ததும் காலடித் தடங்களைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டு நகரவேண்டும். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரலாம். நான் சிரிக்கமாட்டேன். இல்லாமையிலிருந்து ஒரு உருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் கலை என்றால், அந்தப் பழுப்பு வட்டம் கலை. சிறுபத்திரிகை நாலு பக்கத்துக்கு மேல் இடம் தரமாட்டேன் என்றதால் நம்மில் சிலர் நல்ல சிறுகதை எழுதக் கற்றுக்கொண்டோமே, அதைப்போல.

1988-ல் துபாயில் எமிரேட்ஸ் கோல்ப் கிளப் திறந்தார்கள். வளைகுடாவில் முழுக்கப் புல்லாலேயே அமைந்த முதல் பெரிய மைதானம். கார்ல் லிட்டன் என்ற அமெரிக்கர் போட்டது. அடுத்த வருஷமே அங்கே உலகத்து ஆட்டக்காரர்களை அழைத்துப் போட்டி நடத்தினார்கள். அதன் பிறகு பழுப்பு வட்டங்கள் வழக்கொழிய ஆரம்பித்தன. ஒருமுறை துபாய் போயிருந்தபோது இந்த ரகத்து மைதானம் ஒன்றின் ஓரமாக நடந்து பார்த்திருக்கிறேன். திறமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு வளைவும் ஒழுங்காக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவும் எங்கேயோ பார்த்ததாக இருந்தது. இங்கிலீஷ் நாவலின் கதையைத் திருடி, லண்டனை மாம்பலமாக மாற்றி, பனிமூட்டத்தை மட்டும் மாற்ற மறந்துபோன தழுவல்கள் நம்மிடம் ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வந்தன. அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. மணல்மேட்டில் பிறந்த ஆட்டத்தை, மழைநாட்டுப் பூங்காவாக மாற்றி, மறுபடி மணல்மேட்டுக்கே கொண்டுவந்து மணலை மூடியிருக்கிறார்கள். மூடிய பிறகு ஆட்டத்துக்குப் பள்ளம் வேண்டும் என்று வேறு மணலைக் கொண்டுவந்து கொட்டியும் இருக்கிறார்கள்!

தண்ணீர்க் கணக்கையும் சொல்லவேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டருக்கு மேல் குடிக்கிற மைதானங்கள் அந்தப் பிரதேசத்தில் உண்டு. உப்பு நீக்கிய கடல்நீரோ சுத்திகரித்த சாக்கடை நீரோதான். யாருடைய குடிநீரையும் பிடுங்கவில்லை என்று சமாதானம் சொல்வார்கள். பெரும்பாலான இடங்களில் அது வாஸ்தவமாகவும் இருக்கலாம். ஆனால் கடல்நீரை நன்னீராக்குவதற்கு எரிகிற எண்ணெயையும் வாயுவையும் இந்தச் சமாதானத்தில் சேர்ப்பதில்லை.

புல்லைப் பற்றி ஒரு வேடிக்கை. வெயில் நாட்டு மைதானங்களில் உலகெங்கும் பரவியிருப்பது பெர்முடா புல். அமெரிக்காவில் டிப்டன் என்ற ஊரில் ஒட்டுச் சேர்த்து 1960-ல் வெளியிட்ட ரகம் அதில் பிரசித்தம். அதன் பெற்றோரில் ஒன்று ஆப்பிரிக்கப் புல். மற்றொன்று வேறெதுவும் இல்லை, நம்முடைய அருகம்புல். இந்த ஒட்டுப்புல்லுக்கு விதை பிடிக்காது. துண்டு துண்டாக நட்டுத்தான் பரப்பவேண்டும். வளைகுடாவில் பத்து வருஷம் புல் வெட்டிவிட்டுத் திரும்பிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தாவர சாஸ்திரம் எதுவும் படிக்காமலே இதைக் கண்டுபிடித்திருந்தார். "அண்ணாச்சி, நம்ம பிள்ளையாருக்குப் போடுத அருகம்புல்லுதான் அது. ஆனா விருந்துக்கு வந்த மருமவனெக் கவனிக்கது மாதிரி கவனிக்கணும். விடியதுக்கு முன்ன மூணு மணிக்கே போயி வெட்டித் தீத்திரணும். சாயிப்பு வந்து நிக்கதுக்குள்ள, நாம அங்க நின்ன அடையாளமே இருக்கப்பிடாது" என்றார்.

அடையாளமே இருக்கக்கூடாது! தன் கை தெரியாமல் எழுதுவது பெரிய ஆசிரியனின் லட்சணம் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. இது அதுவல்ல. இங்கே மறைவது ஆசிரியனின் கை அல்ல. அவன் பெயரைத்தான் பலகையில் எழுதி வைக்கிறார்களே. மறைவது மூன்று மணிக்கு எழுந்தவனின் கை.

நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் நிலத்தை வகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலைவனத்துக் கோல்ப் மைதானம் அதற்கு நேர் எதிரான முயற்சி. நெய்தலும் பாலையும் கலந்து கிடக்கிற இடத்தைத் திரித்து முல்லையாக்கிக் காட்டுவது. திணை மயக்கம் நம் மரபில் அனுமதிக்கப்பட்டதுதான். அதனால் இதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது என்று யாராவது வாதாடலாம். ஆனால் நிலத்தை மாற்றினால் போதுமா? பாலைக்கு உரிய பொருள் பிரிவு. முல்லைக்கு உரியது காத்திருத்தல். புல் வெட்டப் போனவன் அங்கே பத்து வருஷம் பிரிந்திருக்கிறான். அவன் மனைவி இங்கே இரணியலிலோ குளச்சலிலோ காத்திருக்கிறாள். மைதானம் எவ்வளவு பச்சையாக இருந்தால்தான் என்ன, பொருள் பழைய பொருளாகத்தானே இருக்கிறது?

எல்லா மைதானமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. குமரிமுனையிலிருந்து தென்கிழக்கே, கடலுக்கு அந்தப் புறம், இலங்கையில் அம்பாந்தோட்டை இருக்கிறது. வறண்ட சீமை; உப்பளங்களுக்குப் பேர்போனது. லெனார்டு உல்ப் 1908 முதல் 1911 வரை அங்கே சர்க்கார் அதிகாரியாக இருந்தார். உப்பு அள்ளுவதை மேற்பார்வை செய்தார், வழக்கு விசாரித்தார், ஊர் திரும்பி 1913-ல் 'காட்டுக்குள் ஒரு கிராமம்' என்று நாவல் எழுதினார். மழை பொய்த்து, குளம் வற்றி, கடன் ஏறி, கடைசியில் காடு விழுங்கிவிடுகிற ஒரு கிராமத்தின் கதை. வெள்ளைக்காரர்கள் நம் பக்கத்து நாடுகளைப் பற்றி எழுதிய நாவல்களில், தாகம் என்றால் என்ன என்று தெரிந்து எழுதியது அதுதான் என்பது என் கட்சி. அந்த அம்பாந்தோட்டைக் கரையில் 2016-ல் ஷாங்ரிலா ஹோட்டல்காரர்கள் 18 குழி மைதானம் ஒன்று திறந்தார்கள். படங்களிலும் வரைபடத்திலும் பார்த்த அளவில் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. அங்கே பழைய தென்னந்தோப்பு இருந்தது. அதைத் தோப்பாகவே விட்டிருக்கிறார்கள். நீலக்கல் தோண்டிய இடம் இருந்தது; அதன் மேடுபள்ளம் ஆட்டத்துக்குள் வந்திருக்கிறது. மணல்மேடு மணல்மேடாகவே நிற்கிறது. புல் இருக்கிறதுதான், ஆனாலும் நிலம் தன் சொந்தக் குரலில் இரண்டொரு வார்த்தை பேச அனுமதித்திருக்கிறார்கள். உல்பின் கிராமத்துச் சிலிந்து அங்கே வந்து நின்றால் இடத்தை அடையாளம் கண்டுகொள்வான். உள்ளே விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

செயிண்ட் ஆண்ட்ரூஸில் விடுவார்கள். அந்த மணல்மேடு இன்றும் தனியார் சொத்து அல்ல. 1974-ல் செய்த ஒரு சட்டத்தின்கீழ் ஒரு டிரஸ்ட் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆடுவதற்கு இடம் பிடிக்கச் சீமான்களும் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரிய போட்டி நடக்கிற சில நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் ஆட்டமே கிடையாது. அன்றைக்கு ஊர் ஜனங்கள் குழந்தைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு, குழிகளின் மேலாகவே நடந்து கடலைப் பார்க்கப் போகிறார்கள்.