அளத்துச் சிரிப்பு

ராஜம் கிருஷ்ணன் நேரில் போய்ப் பார்த்து எழுதியவர். படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' (1979) இரண்டும் அப்படி வந்தவை. குடும்பக் கதைதான் பெண் எழுத்து என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை. 'வெறும் ஆவணம்' என்று ஒதுக்கியவர்களிடம் அவருக்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஓராண்டு வகுப்பில் 'கரிப்பு மணிகள்' நடத்தினேன். உப்பு நீரில் புண்ணாகும் கால்களையும் வெயிலில் வெள்ளையாய்க் கூசும் கண்களையும் பற்றி நெகிழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா அளத்துக்குப் போகிறவர். "எல்லாம் சரிதான் மேடம். ஆனா எங்கம்மா அளத்துல நல்லாச் சிரிக்கும். நீங்க அத ஒரு தடவகூடச் சொல்லலையே."

வீட்டுக்கு வந்து என் பிரதியைப் புரட்டினேன். நான் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்ததெல்லாம் புண்களைத்தான். விசாரிக்க வந்தவரிடம் யாரும் முதலில் வலியைத்தான் சொல்வார்கள். வாசிக்கிற எனக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992) தன்வரலாற்று நூலை முதலில் வாசித்தபோது அதன் கேலியும் விளையாட்டும் என்னைத் திகைக்க வைத்தது ஏனென்று அன்றுதான் பிடிபட்டது.

இப்போது இரண்டையும் அடுத்தடுத்து நடத்துகிறேன். ராஜம் கிருஷ்ணனை விட மனமில்லை. அவராவது தூத்துக்குடிவரை போனார். நான் அந்த மாணவியின் வீட்டுக்குக்கூட இன்னும் போகவில்லை.