அழற்சி எண்ணுக்கு வந்த மவுசு

உடற்பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் சேர்ந்திருப்போருக்கு மஞ்சள், ஆலிவ் எண்ணெய், கொட்டைப் பருப்புகள், மீன் என்று ‘அழற்சி தணிக்கும் உணவு’ப் பட்டியல் கொடுப்பதும், சில வாரங்கள் கழித்துச் சி.ஆர்.பி. குறைந்ததைக் காட்டி உணவு பலித்துவிட்டது என்று அறிவிப்பதும் ஆய்விதழ்கள் தொடங்கிப் பரிசோதனைக்கூட விளம்பரங்கள் வரை பரவிவிட்ட வழக்கம். சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கேனும் அழற்சி மூளும்போது கல்லீரல் இரத்தத்தில் சேர்க்கும் ஒரு புரதம்.

இவ்வழக்கம் அடிப்படையற்றதன்று. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் மிகுதியாக உருவாகும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருள் இன்சுலினின் வேலைக்குத் தடையாகிறது என்று ஹோட்டமிஸ்லிகில் குழுவினர் 1993இல் காட்டியபின், பருமனை ஓயாத மெல்லழற்சியாகக் காணும் பார்வை வலுப்பெற்றது. உணவும் உடற்பயிற்சியும் அதைத் தணிப்பதும் உண்மையே.

ஆனால் தணிப்பது எது என்பதில்தான் வழக்கு. அமெரிக்காவில் நீரிழிவு உள்ள பருமனானோர் 5,145 பேரைக் கொண்டு நடந்த ‘லுக் அஹெட்’ ஆய்வில், தீவிரமான உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் மேற்கொண்டோருள் சோதிக்கப்பட்டவர்களின் சி.ஆர்.பி. ஓராண்டில் ஏறக்குறைய 44 விழுக்காடு குறைந்தது. அதே ஓராண்டில் அக்குழுவின் எடையும் சராசரியாக 8.6 விழுக்காடு குறைந்திருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரிடமும் சி.ஆர்.பி. ஏறக்குறைய 17 விழுக்காடு இறங்கியது என்பதை வழக்கத்தின் ஆதரவாளர்கள் எடுத்துச் சொல்வதில்லை. 2010இல் வெளியான ‘இன்ஃபிளேம்’ ஆய்வோ, நீரிழிவுக்கென்றே நடந்ததன்று எனினும், எடை குறையாத பயிற்சி சி.ஆர்.பி.யைக் குறைப்பதில்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, பங்கேற்றோர் குறைவாகச் சாப்பிட்டு மெலிந்த ஒரு சிற்றாய்வின் பலனை எடையிலிருந்து பிரித்தறியாமலே மஞ்சளின் கணக்கிலோ மீன் எண்ணெயின் கணக்கிலோ வரவு வைப்பது ஆய்வாகாது.

வெறும் கொழுப்பை அகற்றுவதும் போதாது. பருத்த பெண்கள் 15 பேரின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை ஏறத்தாழப் பத்துக் கிலோ உறிஞ்சி எடுத்துச் சில வாரங்களுக்குப் பின் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், சி.ஆர்.பி.யும் மாறவில்லை, இன்சுலினின் திறனும் கூடவில்லை; அவர்களுள் எழுவர் நீரிழிவு உள்ளவர்கள். செலவிடும் ஆற்றலைவிடக் குறைவாக உண்ணும் நிலையே உடலை மாற்றுகிறது என்று கொள்ள இது போதிய குறிப்பு.

சி.ஆர்.பி. எண்ணும் நிலையானதன்று. சளிக் காய்ச்சலோ, நீரிழிவில் சாதாரணமாகக் காணும் ஈறு வீக்கமோ அதை ஏற்றிவிடும்; லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் இருந்தவர் பல்வலி வந்த வாரத்தில் 3.4 காட்டினால், 3ஐ எல்லையாக வைத்திருக்கும் அறிக்கை அவரை ‘அதிக ஆபத்து’ வரிசைக்குத் தள்ளிவிடும். எண் இறங்கினால் நீரிழிவும் தணியும் என்பதுமில்லை: அழற்சியையே குறிவைத்த கனகினுமாப் மருந்து, 2017இல் முடிவு வெளியான ‘கான்டோஸ்’ ஆய்வில், சி.ஆர்.பி.யை நன்றாகவே இறக்கி மாரடைப்பையும் ஓரளவு குறைத்தது. ஆனால் சர்க்கரையின் நீண்டகால அளவை அது நிலையாகக் குறைக்கவில்லை.

பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வின் 2017ஆம் ஆண்டு முடிவுகளைப் பட்டியல்காரர்கள் விளக்கியாக வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் சூப்புப் பொடியையும் பானப் பொடியையும் மட்டுமே சில மாதங்கள் உண்டு தொடங்கியவர்களுள் 46 விழுக்காட்டினரிடம் ஓராண்டில், மருந்தே இல்லாமல், சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றது; 15 கிலோவுக்குமேல் இளைத்தவர்களிடம் அந்த விகிதம் 86 விழுக்காடு. அந்தப் பொட்டலப் பொடி அழற்சி தணிக்கும் உணவுப் பட்டியலில் இடம்பெறுவதன்று.