பார்வைமானும் மனையோளின் அச்சமும்: சங்கப் பாடல்களில் ஈர்ப்பு வேட்டை

ஆய்வுச் சுருக்கம்

விலங்கைத் துரத்திச் செல்லாமல், அதன் தேவை ஒன்றைக் காட்டித் தன்னிடம் வரச்செய்து கொல்லுவது ஈர்ப்பு வேட்டை. இவ்வேட்டையின் பதிவுகள் பெரும்பாணாற்றுப்படை, நற்றிணை, கலித்தொகை, புறநானூறு ஆகியவற்றில் உள்ளன. இவற்றுள் புறநானூற்று 320ஆம் பாடல் மனையோளின் உயிரிரக்கத்திற்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அப்பாடலை ஏனைய ஈர்ப்பு வேட்டைப் பதிவுகளோடு வைத்துப் படிக்கும்போது, அது கொல்லாமையைப் பேசவில்லை என்பதும், ஈர்ப்பு என்னும் உத்தியின் உள்ளே இருக்கும் அறச்சிக்கலையே பேசுகிறது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பார்வை, ஈர்ப்பு வேட்டை, வல்லாண்முல்லை, எயினர், புறநானூறு

முன்னுரை

தாவர உணவில் சோடியம் குறைவு. ஆகவே மான் போன்ற இலையுண்ணிகள் உவர்மண்ணையும் உப்பு கசியும் பாறைகளையும் தேடிச் சென்று நக்குகின்றன. ஆண்டுதோறும் கொம்பு உதிர்த்து வளர்க்கும் கலைமானுக்குக் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதியாகத் தேவை. இத்தேவையை அறிந்த வேட்டைக்காரர் உப்பிட்ட இடத்தருகே மறைந்திருந்து மானைக் கொல்லும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. வட அமெரிக்க வேட்டைக்காரரிடையே உப்புக்கட்டி, தீனி, பிணையின் மணம், போலிக் குரல் ஆகியன இன்றும் புழங்குகின்றன. இவற்றைப் பயன்படுத்துவது நேரிய வேட்டை ஆகுமா என்னும் வாதமும் அவர்களிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16)இல், இரையிட்டு ஈர்ப்பதையும் அதற்கான முயற்சியையும் ‘வேட்டை’ என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அம்பு எய்யப்படுவதற்கு முன்பே, ஈர்க்கும்போதே வேட்டை தொடங்கிவிடுகிறது என்பதே இவ்வரையறையின் உட்பொருள்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சங்கப் பாடல்களில் உப்பு ஈர்ப்புப் பொருளாக வரவில்லை. நீரும் துணையும் இசையும் அவ்விடத்தில் நிற்கின்றன. பொருள் வேறாயினும் முறை ஒன்றே: விலங்கின் தேவையே அதற்குப் பொறியாகிறது.

பார்வை என்னும் சொல்

‘பார்வை’ என்பதற்குக் கண்ணால் காண்டல் என்னும் பொருளே இன்று வழக்கில் உள்ளது. சங்கப் பாடல்களில் இச்சொல், காட்டு விலங்கையோ பறவையையோ ஈர்ப்பதற்காகப் பழக்கி வைக்கப்பட்ட அதே இனத்து உயிரையும் குறித்தது. ‘பார்’ என்னும் வினையடியோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. பிற உயிர் பார்ப்பதற்காக நிறுத்தப்படுவது பார்வை.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடியிருப்பைக் காட்டும்போது, பார்வைமான் கட்டப்பட்டுத் தேய்ந்துபோன அடியினை உடைய விளாமரத்தைக் குறிப்பிடுகிறார். மரத்தின் அடி தேய்ந்திருப்பது ஒரு சிறிய விவரம். ஆனால் அது சொல்வது மிகுதி. மான் அங்கு ஒருநாள் கட்டப்பட்டதன்று, நாள்தோறும் கட்டப்பட்டது. அது இழுத்தும் உராய்ந்தும் நின்ற காலத்தின் அளவை மரப்பட்டை காட்டுகிறது. அம்மரத்தின் நிழலிலேயே எயிற்றியர் நிலவுரலில் புல்லரிசியைக் குற்றுகின்றனர். கிணற்றில் ஊறிய உவர்நீரைக் கொண்டு உணவு சமைக்கின்றனர். பார்வைமான் வேட்டைக் கருவியாயினும் அது நிற்குமிடம் வீட்டு முற்றம். வேட்டைக்கும் மனைக்கும் நடுவில் கட்டப்பட்ட உயிர் அது.

அதே பகுதியில் இன்னோர் ஈர்ப்பும் இடம்பெறுகிறது. மழை பொய்த்த காலத்தில் நீரை நாடி விலங்குகள் வரும் இடத்தருகே குழி அகழ்ந்து, அதனுள் ஒளிந்திருந்து, நள்ளிரவில் பன்றியின் வரவை எயினர் எதிர்பார்க்கின்றனர். இரவு வேட்டை வாய்க்காதபோது பகலில் நாய்களோடு சென்று, வலை மாட்டி முயல் பிடிக்கின்றனர். இங்கு விலங்கின் நீர்வேட்கை ஈர்ப்பாகிறது. புலவர் இதைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. வறண்ட நிலத்தில் வாழ்வோரின் பிழைப்பாக அதைப் பதிவு செய்கிறார். எயினரும் அதே வறட்சியில், உவர்நீரை உண்டு வாழ்பவர் என்பது அப்பதிவின் நடுநிலைக்குக் காரணமாகலாம்.

நற்றிணை 212ஆம் பாடல் பார்வை வைத்துப் பிடிக்கும் வேட்டுவனின் வலையைக் கண்டு அஞ்சிய கணந்துள் பறவையைக் காட்டுகிறது. அதன் தனித்த குரல் வழிச்செல்லும் கூத்தரின் யாழ் நரம்போடு இயைகிறது. ஈர்ப்புக்கு அகப்படாத உயிரின் அச்சக்குரலே அங்கு இசையாகக் கேட்கிறது.

இசையும் நம்பிக்கைத் துரோகமும்

பதிவாக மட்டும் நின்ற ஈர்ப்பு வேட்டை அகப்பாடல்களில் உவமையாகும்போது, அதன் மீது தீர்ப்பும் ஏறுகிறது. அசுணம் என்னும் உயிர் யாழிசையில் மயங்குவது. பறையொலியில் உயிர்விடுவது என்பது புலவர் மரபு. நற்றிணை 304ஆம் பாடலில் தலைவனின் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவது. அதற்கு உவமையாக வருவது அசுணத்தைக் கொல்வோரின் கை. யாழை மீட்டுவதும் பறையை அறைவதும் அதே கையே என்பதால் உவமை பொருந்துகிறது.

கலித்தொகை 143ஆம் பாடலில் இவ்வுவமை இன்னும் கூர்மையாகிறது. தன்னைப் பிரிந்தவனைக் குறித்துப் பேசும் தலைவி, மறைந்திருந்து யாழ் இசைத்து, அதைக் கேட்டு மயங்கிய மானை அருளின்றிப் பறையறைந்து கொல்பவனோடு அவனை ஒப்பிடுகிறாள். ‘மான்’ என்னும் சொல் விலங்குப் பொதுப்பெயராகவும் வழங்கியது. ஆகவே இங்கும் அசுணமே கருதப்பட்டது எனலாம். கவனிக்கத்தக்கது குற்றச்சாட்டின் அமைப்பு. கொலை மட்டும் இங்குக் குற்றமன்று. மறைவும், இனிமையைக் காட்டி நம்பச்செய்ததும், நம்பிய பின் அருள் மறுத்ததும் சேர்ந்தே குற்றமாகின்றன.

இதற்கு மாறாக, வல்வில் ஓரியைப் பாடும் புறநானூற்று 152ஆம் பாடலில் ஓர் அம்பு யானை, புலி, கலைமான், பன்றி, உடும்பு எனத் தொடர்ந்து ஊடுருவுகிறது. அங்குக் கொல்லப்படும் உயிர்கள் மிகுதி. எனினும் அது வில்லாற்றலின் புகழ். ஆகவே, சங்கப் புலவரைத் தயங்கச் செய்வது கொலை என்பதைவிட, நம்பவைத்துக் கொல்லுதலே எனக் கொள்ள இடமுண்டு.

முற்றத்தில் நிகழ்ந்தது

இப்பின்னணியில் வீரை வெளியனாரின் புறநானூற்று 320ஆம் பாடலைக் காணலாம். முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து பந்தலைப் போல் நிழல் தரும் முற்றம். யானை வேட்டுவன் ஆழ்ந்து உறங்குகிறான். அவன் வைத்திருந்த பார்வைப் பிணையைத் தழுவித் தனித்த கலைமான் ஒன்று விளையாடுகிறது. அந்த இன்பநிலையைக் கண்ட மனையோள், கணவன் விழித்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். கலை பிணையைவிட்டு நீங்கிவிடுமோ என்றும் அஞ்சுகிறாள். அவள் அசையாமல் இருக்க, மான்தோலில் உலரவிட்ட தினையைக் கானக்கோழியும் இதலும் தின்கின்றன.

இப்பாடலை உயிரிரக்கப் பாடலாகக் கொள்வதில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, மனையோள் இரங்கினாள் என்று புலவர் கூறவில்லை. அஞ்சினாள் என்றே இருமுறை கூறுகிறார். இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கியது. அச்சமோ அவளும் அந்நிகழ்வின் உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. கலை ஓடினால் வேட்டைப்பொருள் கைவிட்டுப் போகுமே என்பது அவளது இரண்டாம் அச்சம் என வாதிடலாம். அவ்வாறாயின் அவள் கணவனை எழுப்பியிருக்க வேண்டும். அவன் எழுவதற்கே அவள் அஞ்சுவதால் அவ்வாதம் நில்லாது. அவள் காக்க விரும்புவது கலையின் உயிரை மட்டுமன்று, இரண்டின் சேர்க்கையையும்.

இரண்டாவது, தினை உலர்வது மான்தோலின் மேல். முன்னர்க் கொல்லப்பட்ட மானின் தோல் அதே முற்றத்தில் விரிந்திருக்கிறது. புலவர் அதை மறைக்கவில்லை. பார்வைப் பிணையின் பணியால் கிடைத்ததே அத்தோல் என்று பாடல் கூறவில்லை. எனினும், கூடும் மானும் தோலாகிய மானும் ஒரே காட்சிக்குள் வைக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது, பாடலின் பிற்பகுதி முழுவதும் சந்தன விறகில் சுட்ட ஊனின் மணம். பாணன் தன் சுற்றத்தோடு அதை உண்டு தங்கிச் செல்லுமாறு அழைக்கப்படுகிறான். புறநானூற்றின் பழையவுரை முதல் 266 பாடல்களுக்கே கிடைப்பதால், இப்பாடலின் தொடரியைபுகளுக்குப் பழைய உரைத்துணை இல்லை. தினையை உண்ட பறவைகளே ஊனாயின எனக் கொண்டால், மனையோளின் அசைவின்மை மானைக் காத்து, தினையைப் பறவைகளுக்கான இரையாக்கிவிடுகிறது. பறவைகள் தினையை உண்டுவிட்டமையால் இருக்கும் ஊன் விருந்தாகிறது எனக் கொண்டாலும், கொல்லாமை அங்கு இல்லை.

எனவே அவள் செய்தது வேட்டையை மறுத்ததன்று. பொய்யாக வைக்கப்பட்ட ஈர்ப்பு மெய்யான கூடலாக மாறிய நேரத்தில், அதைப் பொறியாகப் பயன்படுத்த மறுத்ததே அவள் செயல். கலித்தொகைத் தலைவி குற்றமாகச் சுட்டிய செயலை இவள் நிகழவிடாமல் நிறுத்துகிறாள். இசை முடிந்தது, பறை அறையப்படவில்லை.

இப்பாடல் வாகைத்திணையில் வல்லாண்முல்லைத் துறையில் வைக்கப்பட்டிருப்பதும் இவ்வாசிப்பிற்குத் துணைசெய்கிறது. வீரனின் இல்லத்தையும் ஊரையும் சொல்லி அவனது இயல்பை உயர்த்துவது அத்துறை. வறிய முற்றத்திலும் நம்பி வந்த உயிர் காட்டிக்கொடுக்கப்படாத ஊர் என்பது, பரிசிலர்க்குக் குறையாது கொடுக்கும் தலைவனின் புகழாகிறது. பாணனும் தேவையால் ஈர்க்கப்பட்டு அம்முற்றத்திற்கு வருபவனே. அவன் பெறுவது பொறியன்று, விருந்து.

முடிவுரை

சங்க இலக்கியத்தை இன்றைய சூழலியல் நோக்கில் வாசிப்போர், புறநானூற்று 320ஐ இயற்கையோடு இயைந்த வாழ்வின் சான்றாக எளிதில் நிறுத்திவிடுகின்றனர். அவ்வாசிப்பு மான்தோலையும் சுட்ட ஊனையும் விளாமரத்தின் தேய்ந்த அடியையும் காணாமல் விடுவதால் மட்டுமே இயல்கிறது. இவற்றைக் கண்டு, அப்பாடலை வெறும் வேட்டுவர் வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்குவதும் பிழையே. அது மனையோளின் இரட்டை அச்சத்தைக் காணாமல் விடுகிறது.

பாடல் கூறுவது இவ்விரண்டையும்விடக் கடினமானது. உயிர்வாழக் கொல்லும் வீட்டிலும் கொல்லக்கூடாத ஒரு நேரம் உண்டு. அந்நேரத்தை அறிவதற்கு அறநூல் எதுவும் அங்கு இல்லை. பார்க்கும் கண் ஒன்றே இருக்கிறது. ஈர்ப்புக்கருவிக்கும் காட்சிக்கும் ‘பார்வை’ என்று ஒரே பெயர் வழங்கிய மொழியில், வேட்டுவன் உறங்க, முற்றத்தில் விழித்திருந்தது மனையோளின் பார்வையே.