யார் விழித்திருந்தது?

குழந்தையின் எக்சிமா பெற்றோரை எவ்வளவு வாட்டுகிறது என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பிரிட்டன் மருத்துவர்கள் 1998இல் வெளியிட்டது. கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பத்துக் கேள்விகளுக்குப் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. வீட்டு வேலை, சமைத்து ஊட்டுவது, மற்றவர்களின் தூக்கம், ஓய்வுப் பொழுது, கடைக்குப் போகும் நேரம், செலவு, களைப்பு, மனவேதனை, உறவுகள், சிகிச்சைக்கு உதவுவது. ஒரு கதையைப் படிப்பதுபோல இந்தத் தாளைப் படித்துப் பார்க்கிறேன்.

முதலில் இதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். “சொறிதானே, வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று தள்ளிவிடுகிற நோய் இது. நடுத்தர, கடுமையான எக்சிமா உள்ள குழந்தைகளின் குடும்பங்கள், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவுக் குழந்தைகளின் குடும்பங்களைவிட அதிகம் பாதிக்கப்படுவதாக 1997இல் மெல்போர்ன் ஆய்வு ஒன்று சொன்னது. தூங்காத இரவுகளுக்கு மதிப்பெண் கொடுத்ததே பெரிய காரியம்தான்.

ஆனால் இந்தக் கதையில் நாயகி இல்லை. ‘குடும்பம்’ வருகிறது, ‘பெற்றோர்’ வருகிறார்கள், கடைசி இரண்டு கேள்விகளில் ‘முக்கியப் பராமரிப்பாளர்’ வருகிறார். ‘அம்மா’ என்ற சொல் இல்லை. மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். பெரும்பகுதி ஒரே பெண்ணின் ஒரு நாள்.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் தறி வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள். இந்தத் தாளை அங்கே கொண்டுபோனால் முதல் கேள்வியே தடுக்கும். தார் சுற்றுவது வீட்டு வேலையா, தொழிலா? கோர்வைப் புடவைக்குத் தறியில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அது பல வீடுகளில் மனைவிதான். கூலி புடவைக்கு, அது வருவது நெய்பவர் கைக்கு. இரவெல்லாம் பிள்ளையின் கையைப் பிடித்துச் சொறியவிடாமல் காத்தவள், காலையில் கண் எரிய மெல்லிய பட்டிழையைப் பார்க்க வேண்டும். அவள் உட்காராவிட்டால் கோர்வை நகராது. ஆனால் அவளுக்கென்று கூலி இல்லாததால் ‘செலவு’ என்ற கேள்வியில் அந்த இழப்பு ஏறாது. ‘வீட்டு வேலை’யிலும் முழுதாக அடங்காது.

எட்டாவது கேள்வி மனவேதனையைக் கேட்கும்போது குற்றவுணர்வையும் சேர்த்துக்கொள்கிறது. நல்லது. ஆனால் அந்தக் குற்றத்தை அவள் தலையில் ஏற்றியது யார் என்று கேட்பதில்லை. கத்தரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று நாம் பெயரிட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைக்குத் தோல் தடித்ததும், “மாசமாக இருந்தப்போ வாயைக் கட்டினியா?” என்று மாமியார் கேட்பார், தாய்வீட்டிலும் கேட்பார்கள். பால் கொடுப்பவளின் சாப்பாட்டிலிருந்து ஒவ்வொரு பண்டமாகக் குறையும். தோலின் காப்பரணுக்குத் தேவையான ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறைபாடு எக்சிமாவுக்கு முக்கியமான ஒரு காரணம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். அது தாய் வழியும் வரலாம், தந்தை வழியும் வரலாம். “நீ என்ன சாப்பிட்டாய்?” என்று அப்பாவை யாரும் கேட்டதில்லை.

இந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ‘யார்?’ என்று ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். யார் களிம்பு தடவினார்? யார் துணியைத் தனியாக அலசினார்? யார் விழித்திருந்தார்? மொத்தம் 18 என்று வரும் ஒரு வீட்டில், அந்தப் பதினெட்டும் ஒருத்தியின் உடம்பில் இறங்கியிருந்தால் மருத்துவரின் அறிவுரையும் மாற வேண்டும். “தினம் இரண்டு வேளை தடவுங்கள்” என்று அவளிடம் மட்டும் சொல்லி அனுப்புவது, அந்த எண்ணை இன்னும் ஏற்றிவிடும்.

செவிலியர் படிப்பிலும் சமூகப்பணியிலும் இருக்கும் மாணவியர் நாளை இப்படியொரு தாளோடு யார் முன்னாலாவது உட்காருவீர்கள். பத்தையும் கேட்டு முடித்தபின் பதினொன்றாவதாக ஒன்று கேளுங்கள்: “நீங்க எப்பம்மா தூங்கினீங்க?” பதிலை எழுத அதில் இடம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள்.