மஞ்சாடியும் வெண்கலமும்

சிற்பத் தொழிலுக்குரிய பொருள்கள் பத்து எனத் திவாகர நிகண்டு தொகுத்துரைக்கிறது. கல்லும் உலோகமும் அவற்றுள் உண்டு; மெழுகும் உண்டு; கண்டசருக்கரையும் உண்டு. விதை இல்லை. விதையைக் குவித்து வைப்பவரைச் சிற்பி எனக் கொள்ளலாமா என ஆசிரிய நண்பர் ஒருவர் வினவினார். அவர் கருதியது குமாரி நாகப்பன் அம்மையாரை.

அம்மையார் 1953இல் நம் சிலாங்கூரைச் சேர்ந்த கிள்ளானில் பிறந்தவர். சிங்கப்பூரில் வாழ்ந்து கலைப்பணி ஆற்றிவருபவர். மரம் உதிர்த்த மஞ்சாடி விதையும், உலையில் உருகிய வெண்கலமும், ஆலையில் பிறந்த வண்ணமும் அவர் கையாளும் பொருள்கள்.

மஞ்சாடி ஏதோ ஏட்டுச் சொல் என எண்ண வேண்டா. மலாய்க்காரர் சாகா என்பதும், நாம் ஆனைக்குன்றிமணி என்பதும் இதுவே. தோட்டப் பள்ளித் திடலில் இதைப் பொறுக்கிச் சட்டைப்பையை நிரப்பாதவர் நம்முள் எத்தனை பேர்? பொற்கொல்லர் கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. சென்ற பருவத்தில் மாணவரைக் கொண்டு நிறுக்கச் செய்தேன். நான்கு விதைகள் ஏறத்தாழ ஒரு கிராம் காட்டின. விதைக்கு விதை எடை பெரிதும் மாறாமையே இதன் பெருமை.

2013ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் ஈராண்டுக் கலைவிழாவில், 'அனாகதம்' என்னும் படைப்புக்காக அம்மையார் இவ்விதைகளைப் பெருந்திரளாகக் குவித்தார். அங்கே விதை விதையாகவே நின்றது. உளி படவில்லை, வண்ணம் ஏறவில்லை. ஒன்றாய்க் கண்டால் அற்பம், திரளாய்க் கண்டால் வியப்பு. இதைச் சிற்பம் அன்று எனத் தள்ள என் மனம் ஒப்பவில்லை. நிகண்டு செய்தவர் அன்று கண்டவற்றைத் தொகுத்தார். இனி வருவனவற்றுக்கு வேலி கட்டவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் உள்ள 'சாகா' வேறு வகை. அதே விதை அங்கே வெண்கலத்தில் பேருருக் கொண்டுள்ளது. அழகுதான், ஆயினும் நிறுக்கும் படிக்கல்லே நிறுக்கப்படும் பொருளாகிவிட்டது. 2006இல் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்துக்கென ஆக்கிய மிளகாயாகிய 'பெடாஸ் பெடாஸ்' பற்றியும் எனக்குக் குறை உண்டு. சிவப்பு கண்ணைப் பறிக்கிறது. பருமை மட்டும் கருத்தாகிவிடுமா?

இக்குறையை 2009இல் ஆர்ச்சர்ட் சாலையில் நிறுவிய சாதிக்காய்ச் சிற்பம் தீர்த்துவைக்கிறது. வெடித்த கனியின் உள்ளே விதையைச் செந்நிறச் சாதிபத்திரி தழுவி நிற்கிறது. அவ்விடத்தில் ஒருகாலத்தில் சாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நோய் தாக்கி அழிந்தன. இன்று அங்கே அங்காடி மாளிகைகள். அழிந்த தோட்டத்துக்கு விதை திரும்பி வந்திருக்கிறது. ஆகவே இங்குப் பருமை பொருந்துகிறது. வெண்கலமும் பொருந்துகிறது, மீண்டும் நோய் தீண்டாதல்லவா!

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது அயற்கதை அன்று. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்களில் செம்பனையும் போய் வீடுகள் எழுந்தன. என் மாணவருள் இரப்பர் விதையைக் கையில் எடுத்தவர் சிலரே. அதன் ஓட்டிலுள்ள புள்ளிகளைக் கண்டே மரம் இன்ன இனம் எனச் சொல்லவல்ல முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவ்விதையை எவரேனும் வெண்கலத்தில் வார்க்க முற்பட்டால், மெருகை மிகுதியாக ஏற்றாமல், அந்தப் புள்ளிகளை அம்முதியோரிடம் கேட்டு இடுவாராக.